இடப்பக்கக் கதவில் இருந்த பட்டி

அன்புள்ள குமாருக்கு,

உன் வரவேற்புக்கு வண்டி தயாராகாது. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். "பெயிண்ட் அடிச்சு வைன்னுதானம்மா சொன்னேன், கதவையே வெட்டி வச்சிருக்கியே" என்று ஞாயிற்றுக்கிழமை போனில் சத்தம் போட்டாயே, அதில் உன் மேல் தப்பில்லை. பட்டறைக்காரர் பிமலிடம் உன் நம்பரைக் கொடுத்து நான் அனுப்பச் சொன்ன போட்டோவைப் பார்த்தால் யாருக்கும் கோபம் வரும். மதுரையில் கல்யாணம் முடிந்து நந்தினியோடு போர்ட் பிளேயரில் வந்து இறங்கும்போது, ஏர்போர்ட்டிலிருந்து கராச்சர்மா வீடு வரைக்கும் அப்பாவின் அம்பாசடரில்தான் வர வேண்டும் என்று நீ ஆசைப்பட்டாய். நீயாக அந்த வண்டியைக் கேட்டதே எனக்கு ஆச்சரியம். பதினாறு வருஷமாக நீ அதன் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. அதனால்தான் நீ கேட்ட மறுநாளே, அப்பா போன பிறகு போர்த்திவைத்த தார்ப்பாயை விலக்கி, டயருக்குக் காற்று அடித்து, வேறொரு வண்டியில் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனேன். கதவை ஏன் வெட்டினீர்கள் என்று நீ கேட்டபோது "துரு" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டேன். துரு பாதிக் காரணம்தான். மீதியைச் சொல்ல எனக்கு இந்த வயசு ஆக வேண்டியிருந்தது.

அந்த வண்டி நம் வீட்டுக்கு வந்த நாள் உனக்கு நினைவிருக்காது, நீ ஒன்றாம் வகுப்பு. அரசாங்க ஏலத்தில் எடுத்த சந்தனக் கலர் அம்பாசடர். அபர்டீன் பஜாரில் நம் ஹார்டுவேர் கடையை அன்று பாதி நாள் அடைத்துவிட்டு, ஹாரனை அழுத்திக்கொண்டே அப்பா தெருவுக்குள் வந்தார். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்றால் சிடியா டாப்பு, இல்லாவிட்டால் வண்டூர். முன் சீட்டில் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நீ டாஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வருவாய். ஒரு தடவை வண்டூரிலிருந்து திரும்பும்போது கொட்டுகிற மழையில் வைப்பர் நின்றுபோனது. அப்பா வைப்பரின் இரண்டு பக்கமும் சணல் கயிறு கட்டி, ஒரு நுனியை என் ஜன்னல் வழியாக என் கையிலும், இன்னொரு நுனியைத் தன் பக்கத்து ஜன்னல் வழியாக உன் கையிலும் கொடுத்தார். நான் இழுக்க, நீ இழுக்க, அப்படியே ஊர் வந்து சேர்ந்தோம். இறங்கும்போது மூன்று பேரும் தொப்பலாக நனைந்திருந்தோம். நாளைக்கும் இப்படிப் போகலாமா என்று நீ கேட்டாய்.

கடற்கரைக்குப் போய் வந்த ஒவ்வொரு நாளும், தண்ணீர் எத்தனை தட்டுப்பாடாக இருந்தாலும் ஒரு வாளி நல்ல தண்ணீரை வண்டியின் அடிப்பக்கம் ஊற்றிக் கழுவிவிட்டுத்தான் அப்பா வீட்டுக்குள் வருவார். உப்புக் காற்று தகட்டைத் தின்றுவிடும் என்ற பயம். பள்ளம் அடைக்கிற பட்டியைக் கடையில் டப்பா டப்பாவாக விற்ற மனிதர், தன் வண்டியில் ஒரு பொட்டுப் பட்டி வைக்க விட்டதில்லை. சின்னப் பள்ளம் விழுந்தாலும் பட்டறைக்காரர்களோடு சண்டை போட்டு, உள்ளிருந்து தட்டித்தான் எடுக்கச் சொல்வார். "பட்டி செவுத்துக்குப்பா, வண்டிக்குத் தகடுதான்" என்பார். அதனால்தான் இந்த முறை பட்டறையில் எங்கே தகடு, எங்கே பட்டி என்று பார்க்கப் பிமல் காந்தத்தை எடுத்துக்கொண்டு வண்டியைச் சுற்றி வந்தபோது நீ பக்கத்தில் இருந்திருந்தால் சிரித்திருப்பாய், எங்க அப்பா வண்டியிலா பட்டி என்று. நான் சிரிக்கவில்லை. இடப்பக்கப் பின் கதவில் காந்தம் நிற்காது என்று எனக்குத் தெரியும்.

பிமலை நீ நேரில் பார்த்ததில்லை. பெங்காலி, உன் மாமா வயசு இருக்கும், நம் பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் சொந்தமாக டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறார். பானெட்டில் டக்கென்று ஒட்டிய காந்தம் அந்தக் கதவில் வழுக்கிக் கீழே விழுந்தது. விரலால் தட்டிக் காட்டினார். மற்ற இடமெல்லாம் டங் டங் என்று கேட்டது, அங்கே மட்டும் மரப்பலகையைத் தட்டியது போல மொத்தென்று இருந்தது. "அம்மா, தேக்கோ, பாருங்க. இங்க தகடு பேசல. பூரா பட்டி. மோட்டா பட்டி, தடிமனா." மேலேயே பெயிண்ட் அடித்துவிடலாமா என்று கேட்டேன். "அடிக்கலாம். ஷாதிக்கு, கல்யாணத்துக்கு நல்லா இருக்கும். ரெண்டு மழை போனா குமிழ் குமிழா வரும்" என்றார். சரி, அப்படியே அடித்துவிடுங்கள் என்றேன். ஆமாம், அப்படித்தான் சொன்னேன். உண்மை வெளியே வரட்டும் என்று நல்ல மனசோடு பட்டியை எடுக்கச் சொன்னேன் என்று நினைத்துவிடாதே. பிமல் ஒரு ஸ்க்ரூடிரைவரை எடுத்துக் கதவின் அடிப்பக்கம் லேசாக அழுத்தினார். அது பிடி வரைக்கும் உள்ளே போய்விட்டது. ஈரத்தைக் குடித்துக் குடித்துப் பட்டிக்குப் பின்னால் தகடு நமுத்துப் போன அப்பளம் மாதிரி ஆகியிருந்தது. இனி பெயிண்ட் அடித்தாலும் கதவு தாங்காது. சரி, பட்டியை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

இப்போது அந்த வாரத்துக்கு வருகிறேன். உனக்குப் பதினெட்டு வயசு. உன்னை மதுரையில் காலேஜில் சேர்ப்பதற்காகப் பரமக்குடியிலிருந்து என் அண்ணன், உன் மாமா, வந்து நம் வீட்டில் தங்கியிருந்தார். கடை வேலையாக அப்பா கார் நிக்கோபார் தீவுக்குக் கப்பல் ஏறியிருந்தார். அவர் இல்லாத நேரத்தில் நீ சாவியை எடுத்துக்கொண்டு நண்பர்களோடு கார்பின்ஸ் கடற்கரைக்குப் போய்விட்டு வந்தாய். எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்துவிட்டேன். அதற்கு இரண்டு நாள் கழித்து, மாமாவுக்கு வெள்ளைக்காரன் காலத்து ஜெயிலைச் சுற்றிக் காட்ட நீ அவரை பஸ்ஸில் அழைத்துப் போன பிறகு, அதே சாவியை நான் எடுத்தேன்.

பன்னிரண்டு வருஷம் அந்த வண்டியில் இடப்பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், குமார். அப்பா கிளட்ச்சை மிதிக்கும்போது என் காலும் புடவைக்குள் மிதிக்கும். அவர் கியர் மாற்றும்போது என் கை மடியில் அசையும். ஒரே ஒரு தடவை ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. கேட்டால் சிரிப்பார் என்று கேட்டதில்லை. அன்று ஷெட்டிலிருந்து வண்டியை எடுத்து, ஆள் நடமாட்டம் இருக்காது என்று உள்பக்கம் பம்ப் ஹவுஸ் வரைக்கும் போகிற முட்டுச்சந்தில் திருப்பினேன். நன்றாகத்தான் போனேன். எனக்கே சிரிப்பு வந்தது. திருப்புகிற இடத்தில் இடப்பக்கம் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கணக்குப் பிடிபடவில்லை. பம்ப் ஹவுஸ் கேட்டின் பச்சை பெயிண்ட் அடித்த இரும்புத் தூண் பின் கதவை உள்ளே தள்ளிக்கொண்டு உரசியது. அந்தச் சத்தம் என் பல்லில் கேட்டது. எப்படியோ திருப்பிக் கொண்டுவந்து, இடிபட்ட பக்கம் சுவரை ஒட்டி இருக்கும்படி ஷெட்டில் நிறுத்தினேன். நீங்கள் திரும்பி வந்தபோது வடைக்கு அரைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். ஊரிலில்லாத நாட்களின் கணக்கைப் பார்க்கக் கடைக்குப் போவதற்கு வண்டியை வெளியே எடுத்தவர் அப்படியே நிறுத்திவிட்டு உள்ளே வந்தார். நீயும் மாமாவும் சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள்.

"வண்டிய எடுத்தியா?"

"எடுத்தேம்பா. கார்பின்ஸ் வரைக்கும்."

"எங்க இடிச்ச?"

"இடிக்கலப்பா. சத்தியமா இடிக்கல."

"எடுத்தத ஒத்துக்குற, இடிச்சத ஒத்துக்க மாட்டியா? எங்கிட்டயே பொய் சொல்றியா?"

சாப்பிட்ட கையோடு நீ எழுந்து நின்றாய். அப்பா அறைந்தார். அதுவரை உன்னை அவர் அடித்ததில்லை. "மாப்ள, விடுங்க, வளந்த பய" என்று மாமா குறுக்கே வந்தார். நீ என்னைப் பார்த்தாய். அம்மாவாவது நம்புவாள் என்று பார்த்தாய். நான் இட்லித் தட்டைப் பிடித்துக்கொண்டு அடுப்படி வாசலில் நின்றேன். அப்புறம் சொல்லலாம், அண்ணன் எதிரில் வேண்டாம் என்று நினைத்தேன். அண்ணன் வெளியே போன பிறகு, இவர் கோபம் தணியட்டும் என்று நினைத்தேன். கோபம் தணிந்த பிறகு, தணிந்ததை ஏன் கிளற வேண்டும் என்று தோன்றியது. திங்கட்கிழமை வண்டி பட்டறைக்குப் போனது, புதன்கிழமை புதுசு போலத் திரும்பி வந்தது. வியாழக்கிழமை உனக்குக் கப்பல்.

ஹேடோ ஜெட்டியில் அப்பா கூலிக்காரரை விலக்கிவிட்டு உன் தகரப் பெட்டியைத் தானே தோளில் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றது உனக்கு நினைவிருக்கிறதா? கடையில் ஓர் ஆணிப் பெட்டியைக்கூடத் தூக்காதவர். நீ அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு மாமாவோடு ஏறிப் போனாய். அந்தக் கடைசி நிமிஷம் வரைக்கும் எனக்கு அவகாசம் இருந்தது. கப்பல் ராஸ் தீவைத் தாண்டுகிற வரைக்கும் அப்பா நின்றார். வீட்டுக்கு வரும் வழியில் நாங்கள் இரண்டு பேரும் பேசவில்லை. மகன் போன வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி பிமல் சொன்னதை எழுதுகிறேன். பட்டியை எடுக்கிற வேலையை நானும் கூட இருந்து செய்தேன். அவர் ஹீட் கன்னால் சூடு காட்ட, இளகிய பட்டியை நான் தகட்டுக் கரண்டியால் சுரண்டினேன். பாளம் பாளமாக விழுந்தது, என் சுண்டுவிரல் தடிமன். மூக்கில் துணி கட்டிக்கொண்டு, ஓரங்களை உப்புத்தாளால் தேய்த்தேன். புடவையெல்லாம் ரோஸ் நிறத் தூள். அடியில் பழைய சந்தனக் கலர் பெயிண்ட்டைச் சுரண்டக்கூட இல்லாமல், அதன் மேலேயே பட்டி வைத்திருந்தார்கள். அதனால்தான் அது சரியாகப் பிடிக்காமல் இடைவெளியில் தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று பிமல் காட்டினார். கீழே துரு தின்றிருந்தாலும் மேலே அந்தப் பள்ளம் அப்படியே இருந்தது. பள்ளத்தின் மடிப்பில் ஒரு சாண் நீளத்துக்குப் பச்சைக் கோடு. நான் கையை எடுத்துவிட்டேன். பிமலும் கருவியை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"அம்மா, ஒண்ணு சொல்லணும். எனக்கு ஷரம் ஆகுது, வெக்கமா இருக்கு. இது என் கை வேலை."

பதினாறு வருஷத்துக்கு முன்னால் அவர் வேறொரு பட்டறையில் வேலைக்கு இருந்தாராம். அப்பா வண்டியைக் கொண்டுபோய் விட்டது அவரிடம்தான்.

"நான் தட்டி எடுக்கறேன்னுதான் சொன்னேன். ஏழு நாள் வேணும்னு சொன்னேன். சாஹிப்பும் முதல்ல சரி சொன்னார். அப்புறம் இந்த ஹரா பெயிண்ட்ட, பச்சைய, பார்த்தார். விரல் வச்சு ரொம்ப நேரம் நின்னார். 'பம்ப் ஹவுஸ் கேட்'னு சொன்னார். 'அது முட்டுச்சந்து, கார்பின்ஸ் போற பையன் அங்க ஏன் போறான்? வீட்டுல அவதான் ஓட்டிப் பார்த்திருக்கா'ன்னார். சிரிச்ச மாதிரி இருந்துச்சு, அழுத மாதிரியும் இருந்துச்சு."

"அப்புறம்?"

"'பட்டி வச்சு மூடிடு'ன்னார். பட்டி வேணாம் சாஹிப், தகடு கராப் ஆயிடும், கெட்டுடும்னு நானே சொன்னேன். கேக்கல. 'வியாழக்கிழமை பையனுக்குக் கப்பல். மச்சான் முன்னால உக்காருவார், என் வீட்டுக்காரி இந்தப் பின் கதவத் திறந்து ஏறித்தான் அவனை அனுப்பப் போகணும். அதுக்குள்ள அவ கண்ணுக்கு இது தெரியக் கூடாது'ன்னார். அதான் எனக்கு மறக்கல."

நான் பட்டறை வாசலில் போய் நின்றுகொண்டேன். பஸ் ஒன்று வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போனது. பள்ளிக்கூடத்தில் என்னிடம் படித்தவர்கள் யாரோ "நமஸ்தே டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள், யார் என்று பார்க்கவில்லை. இத்தனை வருஷம் நான் மட்டும் சுமந்துகொண்டிருப்பதாக நினைத்தது அவரிடமும் இருந்திருக்கிறது. உன்னை அனுப்பிவிட்டு வந்த அடுத்த மாதம், ஒருநாள் காலையில் டீ குடித்துக்கொண்டே, "நாளையிலேருந்து வண்டி ஓட்டக் கத்துக்க, நான் சொல்லித் தர்றேன்" என்றார். நீ இல்லாத வீட்டில் எனக்குப் பொழுது போகட்டும் என்று சொல்கிறார் என்று நினைத்தேன். மைதானத்துக்குக் கூட்டிப் போய், முதல் மூன்று நாள் ஒரே பாடம். தரையில் காலி பெயிண்ட் டப்பாவை வைத்துவிட்டு, அது இடப்பக்கம் வரும்படி உரசாமல் போகச் சொன்னார். "மொதல்ல இடது பக்கம் எவ்வளவு எடம் இருக்குன்னு கண்ணால அளக்கப் பழகு, மத்ததெல்லாம் தானா வரும்" என்றார். நான் தலையாட்டிக்கொண்டு ஓட்டினேன். லைசென்ஸ் வாங்கினேன். கடைக்குச் சாமான் ஏற்றப் போனேன். கடைசியில் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் வந்ததும் அதே வண்டியில்தான். அந்த நாட்களில் என் இடப்பக்கம் அவர் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். "நல்லா ஓட்டுற" என்பார். ஒரு வார்த்தை எடுத்திருந்தால் போதும், அவரோ நானோ.

இதைக் கேட்டு அப்பா மேல் எனக்குப் பாசம் பொங்கியது என்று எழுதினால் அது பாதி உண்மை. வீட்டுக்கு வந்து உட்கார்ந்த பிறகு கோபமும் வந்தது. அவர் என்னைக் காப்பாற்றியிருக்கிறார், அதற்கு விலை நீ. நீ பொய் சொல்லவில்லை என்று திங்கட்கிழமையே அவருக்குத் தெரிந்துவிட்டது. வியாழக்கிழமை உன் பெட்டியைத் தூக்கினாரே தவிர வாயைத் திறக்கவில்லை. திறந்தால் என்னைக் காட்டிக்கொடுக்க வேண்டும். நான் திறந்தால் என்னையே காட்டிக்கொடுக்க வேண்டும். இரண்டு பெரியவர்கள் ஒருவரை ஒருவர் மறைத்துக்கொண்டு, பதினெட்டு வயசுப் பையனைப் பொய்யனாகக் கப்பல் ஏற்றிவிட்டோம். நாலு வருஷம் நீ ஊருக்கு வரவில்லை. பரீட்சை, வேலை, டிக்கெட் கிடைக்கவில்லை என்றாய். வந்தபோது அப்பா வாசலுக்கே வந்து சாவியை உன் முன்னால் நீட்டி, "நீ ஓட்டுப்பா, வண்டூர் போயிட்டு வரலாம்" என்றார். "எனக்கு வேண்டாம்பா, இடிச்சுருவேன்" என்று சொல்லிவிட்டு நீ உள்ளே போனாய். அவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றார். நீ திமிராகப் பேசினாய் என்று நான் அன்று உன்னைக் கண்டித்தேன். அதையும் சேர்த்தே இப்போது மன்னிப்புக் கேட்கிறேன்.

பிமல் சொன்ன மறுநாள் நான் உன் மாமாவுக்குத்தான் போன் செய்தேன். அன்று அங்கே இருந்தவர் அவர் ஒருவர்தான், அவரிடமாவது உன் பெயரைச் சுத்தப்படுத்த வேண்டும் என்று தோன்றியது. வண்டியை இடித்தது நான்தான் அண்ணே என்றேன். அழுவார் என்று நினைத்தேன். "பயகிட்ட சொல்லிட்டியா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். "அப்ப எங்கிட்ட எதுக்குத்தா மொதல்ல சொல்ற? அடி வாங்குனது நானா?" என்று வைத்துவிட்டார். என் அறுபத்தாறு வயசில் அண்ணன் என்னை அப்படிப் பேசியது சரிதான். அன்று சாயங்காலம் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். இன்று நாலாவது நாள்.

கதவின் கீழ்ப்பாதியை வெட்டி எடுத்தாயிற்று. பிமல் புதுத் தகடு வளைத்து வெல்டிங் வைத்துக்கொண்டிருக்கிறார். மேலே உள்ள பள்ளத்தை உள்ளிருந்து கட்டை கொடுத்துத் தட்டி நிமிர்த்துகிறார். இந்த முறை ஏழு நாள் இல்லை, இருபது நாளாகும் என்கிறார். கடைசியில் காகிதம் போல ஒரு பூச்சுப் பட்டி மட்டும் வைப்பாராம், சுத்தமான தகட்டின் மேல் அது தப்பில்லை என்கிறார். அதனால் நீயும் நந்தினியும் ஏர்போர்ட்டிலிருந்து டாக்ஸியில்தான் வர வேண்டியிருக்கும்.

உனக்குக் கல்யாணம் ஆகிற நேரத்தில் அம்மா எழுத வேண்டிய புத்திமதி எவ்வளவோ இருக்கும். எனக்கு அதற்குத் தகுதி உண்டா என்று தெரியவில்லை. ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். நந்தினி ஒரு தப்புச் செய்துவிட்டு உன்னிடம் சொல்லப் பயப்படுகிறாள் என்று உனக்குத் தெரிந்தால், தெரியாத மாதிரி இருந்து அவளுக்கு நல்லது செய்துவிடாதே. உட்கார வைத்துக் கேள். உங்கள் அப்பா என்மேல் வைத்திருந்த பிரியத்துக்கு நான் குறை சொல்லவில்லை. ஆனாலும் அன்று அவர் என்னைப் பார்த்து "நீதானே?" என்று கேட்டிருந்தால், ஆமாம் என்று அழுதிருப்பேன், அத்தோடு போயிருக்கும், நீயும் சிரித்துக்கொண்டே கப்பல் ஏறியிருப்பாய்.

போனில் நான் எதையாவது பழசை எடுத்தால் நீ உடனே "விடும்மா" என்பாய். அதற்குப் பயந்துதான் எழுதினேன். இதைப் படித்துவிட்டு நீ எப்போது கூப்பிட்டாலும் எடுப்பேன். கத்த வேண்டும் போல இருந்தால் கத்து, எத்தனை நேரமானாலும் கேட்டுக்கொண்டிருப்பேன். இந்த ஒரு தடவை மட்டும் என்னை விட்டுவிடாதே.

அம்மா